கழுவி வைத்த பேனாக்கள் மட்டும் துருப்பிடித்தது ஏன்? ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது பாம்பன் தீவில் குடியிருக்கும் ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியரின் பேனாக்களைப் பற்றியது. வயது ஐம்பதை நெருங்குகிறது. வீடு தங்கச்சிமடம் பக்கம், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பள்ளி இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், மண்டபம் என்ற ஊரில். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் தினமும் இரு சக்கர வண்டியில் போய் வருகிறார். அவருக்குப் பேனா மோகம் தொற்றியது கொரோனா விடுமுறையில். அதற்கு முன் அவரும் எல்லோரையும் போலப் பால்பாயிண்ட் ஆள்தான்.

பிரச்சினை கிளம்பியபோது அவரிடம் நான்கு மை பேனாக்கள் இருந்தன. முதலாவது, மதுரையில் வாங்கிய சாதாரண ஹீரோ. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு என்று எல்லாத் தினசரி வேலைக்கும் அதுதான். அடுத்தது உலோக உடல் கொண்ட ஜப்பான் பேனா. மூன்றாவது பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜெர்மன் பேனா. நான்காவது எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கையால் கடைந்த பேனா. மையை ஃபில்லரால் நேரே உடலுக்குள் ஊற்றும் ரகம். எபோனைட் பேனா என்றால் ராஜமுந்திரி ரத்னம், கைடர், நம் திருவள்ளூர் ரங்கா என்று பெயர்கள் வரிசையாக வரும். மோகம் வந்தவர்களுக்கு அந்த வரிசையில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று தோன்றிவிடும். இவர் வாங்கியது யாருடையது என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் கோளாறு பேனாவில் இல்லை.

நான்கின் நிப்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். தங்க நிப்பு எதிலும் இல்லை.

மையில் வேறுபாடு உண்டு. ஹீரோவுக்குப் பிரில் நீலம். மற்ற மூன்றுக்கும் இரும்புச் சத்துள்ள கருநீல மை. மதிப்பெண் பட்டியலில் தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியக் கூடாது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். மாசிக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்து உருவாகும் பழைய வகை மை அது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரும்பு மைக்குள் கரைந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக மையைக் கொஞ்சம் அமிலத்தன்மையோடுதான் செய்வார்கள்.

புகார்

"மூணும் டூப்ளிகேட் தம்பி. நல்லா ஏமாத்திட்டானுக" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். ராமநாதபுரத்தில் நாங்கள் சிலர் பேனாக்களை வாங்குவதும் சரிபார்ப்பதுமாக இருப்பதால் என்னைத் தேடி வந்திருந்தார். ஹீரோவைத் தவிர்த்த மூன்றிலும் மை வரத்து படிப்படியாகக் குறைந்து, எழுத்து விட்டு விட்டு விழுந்திருக்கிறது. நிப்பில் பழுப்புப் புள்ளிகள். எபோனைட் பேனாவில் கூடுதலாக ஒரு தொல்லை: மூடியைத் திறந்தால் உள்ளே மை கக்கியிருக்கும். அது ஒருமுறை பள்ளி ஆய்வு நாளில், வெள்ளைச் சட்டையில் கொட்டியிருக்கிறது. விற்றவருக்கு நீளமாக, காரமாக ஒரு செய்தி அனுப்பிவிட்டார். விற்றவர் "அனுப்பி வைங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்று மட்டும் பதில் எழுதியிருந்தார்.

அவர் அடுத்து எடுத்திருந்த முடிவு தங்க நிப்புப் பேனா வாங்குவது. பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகும். சங்கக் கடனில் எடுக்கலாமா என்ற யோசனை வரைக்கும் போயிருந்தார்.

கண்டவை

நகைக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸை வைத்து மூன்று பேனாக்களையும் பார்த்தோம். ஜப்பான் பேனாவின் நிப்பில், பிளவு தொடங்கும் மூச்சுத் துளையைச் சுற்றி ஊசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள், அங்கிருந்து பிளவு வழியாக முனையை நோக்கி ஒரு கோடு. முனையும் அதை ஒட்டிய மேல்பரப்பும் பளபளவென்றுதான் இருந்தன. நிப்பை உருவி, நாக்கோடு, அதாவது நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் பாகத்தோடு, ஒட்டியிருந்த அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நிலைமை மோசம். அங்கே புள்ளிகள் குழிகளாகவே மாறியிருந்தன. நாக்கின் மெல்லிய மை வாய்க்காலில் கறுப்பான, மணல் போன்ற வண்டல். நாக்கின் பக்கவாட்டுப் பற்களுக்கு இடையே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கழுத்து மரையிலும் அதே வெள்ளை.

ஜெர்மன் பேனாவிலும் இதே நிலைதான், அளவில் கொஞ்சம் குறைவு. எபோனைட் பேனாவின் நிப்பும் அப்படியே. அதோடு கிளிப்பின் அடி வளையத்தில் முலாம் விட்டுப்போய், உள்ளிருந்த பித்தளை பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. மரையைத் தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. மோந்து பார்த்தால் சிக்கெடுத்த தேங்காய் எண்ணெய் வாடை.

போலிப் பேனாவுக்குரிய அடையாளம் எதுவும் தென்படவில்லை. எழுத்துப் பொறிப்பு, நிப்பின் வெட்டு, மரை எல்லாம் சரியாகவே இருந்தன.

அப்புறம் ஹீரோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். விஷயம் அங்கேதான் திரும்பியது. நான்கில் மலிவானது அதுதான், அதிகம் அடிபட்டதும் அதுதான், தினமும் சட்டைப் பையில் பாலத்துக் காற்றைக் குடித்ததும் அதுதான். அதன் நிப்பில் ஒரு புள்ளி கூட இல்லை. "அதைக் கழுவுனதே இல்லையே தம்பி, மை தீர்ந்தா ரொப்புவேன், அவ்வளவுதான்" என்றார். மற்ற மூன்றையும் எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதிலில்தான் மூன்றின் கதையும் இருந்தது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் கழற்றி, போர் தண்ணீரில் ஃபில்லரால் அடித்துக் கழுவி, டம்ளரில் நிப்பு கீழே பார்க்க நிறுத்தி, கடல் பக்க ஜன்னலில் காயவைத்து, வெல்வெட் பெட்டியில் அடுக்குகிறார். எபோனைட் பேனாவின் மரைக்கு மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

பார்த்துப் பார்த்துப் பேணியவை கெட்டன, கவனிக்காமல் விட்டது பிழைத்தது.

சந்தேகங்களும் அவற்றை எடைபோட்டதும்

உப்புக் காற்று என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கடற்கரையில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மிக்ஸியின் அடிப்பாகம் என எது துருப்பிடித்தாலும் பழி காற்றுக்குத்தான். ஆனால் காற்று முழுக் காரணம் என்றால் ஹீரோதான் முதலில் போயிருக்க வேண்டும். ஹீரோவின் நிப்பு பெரும்பகுதி மூடிய கழுத்துக்குள் இருக்கிறது, அது காப்பாற்றியிருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் மற்ற மூன்றிலும் அரிப்பு தொடங்கிய இடம் வெளியே காற்றுப் படும் மேல்பரப்பு அல்ல, நாக்கோடு ஒட்டி மறைந்திருக்கும் அடிப்பக்கம். உப்பு உள்ளிருந்து வந்திருக்கிறது.

ஆர்.ஓ. பழுது பார்க்கும் ஒருவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கி அவர் வீட்டு போர் தண்ணீரில் வைத்தபோது எண் 2000-ஐத் தாண்டியது. குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதையும் மீறிய தண்ணீர் இது. தீவில் மணல்மேட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடங்கள் உண்டு. போர் ஆழம் போகப் போக, கோடை ஏற ஏற, உப்பு ஏறும். குடிக்க யாரும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும். பேனாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் படர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலத்தால். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். காற்றோட்டம் இல்லாத இடுக்குகளில் துளை ஆழமாகும். நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே இருப்பது அப்படிப்பட்ட இடுக்குதான். கழுவிய தண்ணீர் காயும்போது கடைசிச் சொட்டு அந்த இடுக்கிலும் பிளவிலும்தான் தங்கும். மை இழுப்பதற்காகவே செய்த இடம், தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு முழுவதும் அங்கேயே செறிந்து நிற்கும்.

அந்த உப்பு இந்தக் கடலோரத்தில் முழுசாகக் காய்வதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே நீர் விடத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெட்டிக்குள் "காய்ந்த" பேனா என்று அவர் வைத்தது ராத்திரி முழுக்க உப்பு நீரில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் எழுதிய ஹீரோவில் அந்த இடத்தில் எப்போதும் மை இருந்தது, போர் தண்ணீர் நுழையவே இல்லை.

கறுப்பு வண்டலின் கதை வேறு. இரும்புச் சத்து மை அமில நிலையில்தான் தெளிவாக இருக்கும். போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. மீதி மையோடு அது கலந்ததும் இரும்பு கரைசலிலிருந்து விலகி, கறுத்துத் தூளாக அடியில் இறங்கும். வாரா வாரம் கழுவியதால் வண்டல் கழிந்துபோகவில்லை, புதிதாக உண்டாகியிருக்கிறது.

கக்கல் விவகாரத்துக்குக் கணக்கே போதும். அந்த எபோனைட் உடல் சுமார் 3 மில்லி மை கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தால் உள்ளே 2 மில்லி காற்று. சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று ஏறக்குறைய 300-இல் ஒரு பங்கு விரியும். கையின் சூட்டிலோ வண்டிப் பையில் வெயிலிலோ 10 டிகிரி ஏறினால் சுமார் 0.07 மில்லி மையை அது வெளியே தள்ளும். ஒரு சொட்டு 0.05 மில்லிதான். ஆக, ஒரு சொட்டுக்கும் மேலேயே மூடிக்குள்ளோ சட்டையிலோ விழுந்தாக வேண்டும். பேனாவுக்குள் பொருத்தும் சின்ன மைக்குழாயான கன்வெர்ட்டரில் மொத்தக் கொள்ளளவே 1 மில்லிக்கு உட்பட்டதால் தள்ளும் அளவும் அற்பம், நாக்கின் பற்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இதில் இன்னொரு வேலை செய்தது: மரையிலிருந்து நழுவி நாக்கில் படர்ந்து, மை ஒட்ட விடாமல் வரத்தைக் குறைத்தது. ஒரே பேனா ஒரு சமயம் கக்குவதும் ஒரு சமயம் வறண்டு போவதும் அவருக்கு மர்மமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சோதனை

இதெல்லாம் வாய்ப்பேச்சாகத்தான் அவருக்குப் பட்டது. "தண்ணியில என்ன தம்பி இருக்கு, நாங்க குளிக்கிற தண்ணிதானே" என்றார். அதனால் மலிவான ஒரே ரக ஸ்டீல் நிப்புகள் நான்கை வாங்கினோம். முதலாவது, போர் தண்ணீரில் முக்கி உலர்த்தியது. இரண்டாவது, கருநீல மையில் தோய்த்து, போர் தண்ணீரில் கழுவி உலர்த்தியது. மற்ற இரண்டுக்கும் அதே வேலைதான், ஆனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். நான்கையும் அவர் வீட்டு அலமாரியில், அதே வெல்வெட் பெட்டியில் வைத்தோம். காற்று நான்குக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால்தான் அவர் வீட்டிலேயே வைத்தது. வாரம் ஒருமுறை அதே முக்கலும் உலர்த்தலும் அவர் பொறுப்பு.

ஒரு மாதம் போல ஆனதும் லென்ஸில் பார்த்தோம். டிஸ்டில்டு வாட்டர் பட்ட இரண்டும் சுத்தம். வெறும் போர் தண்ணீர் பட்டதில் பிளவு ஓரமாக வெளிர் பழுப்பு தொடங்கியிருந்தது. மையும் போர் தண்ணீரும் பட்டதில் மூச்சுத் துளையைச் சுற்றித் தெளிவான புள்ளிகள். அமிலமும் குளோரைடும் கூட்டுச் சேர்ந்தால் வேகம் கூடும் என்பது எதிர்பார்த்ததுதான். நான்கு நிப்பை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த வீட்டில், அந்தத் தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதற்கு அது போதும்.

எடுத்த முடிவுகள்

தங்க நிப்பு வாங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னோம். 14 காரட் நிப்பில் 58.5 சதவீதம் தங்கம், இந்தத் தண்ணீருக்கு அது அசையாது. ஆனால் கிளிப்பும் வளையமும் தங்கம் இல்லை, நாக்கில் சேரும் வண்டலைத் தங்கம் தடுக்கப்போவதும் இல்லை. பதினைந்தாயிரம் கொடுத்த பிறகும் எழுத்து விட்டு விட்டுத்தான் விழும்.

பேனாக்களை விற்றவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னோம். விற்றவர் பக்கம் தவறு இல்லை என்று தெரிந்த பிறகு அனுப்புவது சரியில்லை. இதை ஒப்புக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

சுத்தம் செய்யும் வேலையை அவரே செய்யட்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்போம் என்று தீர்மானித்தோம். பள்ளி வேதியியல் ஆசிரியர் ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலத் தூள் தந்தார், வைட்டமின் சி என்று நமக்குத் தெரிந்ததுதான். மாத்திரையைப் பொடித்துப் போடுவது வேண்டாம், அதில் மாவும் நிறமும் கலந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் அந்தத் தூளைக் கரைத்து, நாக்கையும் கழுத்தையும் அதில் ஊறவைத்ததும் கறுப்பு வண்டல் வெளிறிக் கரைந்தது, வெள்ளைப் படிவும் கூடவே போனது. எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சுடுதண்ணீர் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். எபோனைட் என்பது ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கிய பொருள். சூடும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் கறுப்பு மங்கிப் பாசிப் பழுப்பாகிவிடும்.

மரைக்குத் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் சிலிக்கான் கிரீஸ். வாசலினும் ஆகாது, பெட்ரோலியப் பொருள் ரப்பர் வளையத்தை உப்பவைத்துக் கெடுக்கும். எபோனைட் பேனாவில் கன்வெர்ட்டர் பொருத்த இடம் இருந்தது. ஆனால் அவருக்கு ஃபில்லரால் ஊற்றுவதில்தான் இன்பம். சரி, ஊற்றுங்கள், ஆனால் பாதி தீர்ந்ததும் ரொப்பிவிடுங்கள், வண்டிப் பையில் போடாதீர்கள் என்று சமாதானமானோம்.

மையை மாற்றச் சொல்லவில்லை. பதிவேட்டுக்கு அழியாத மை வேண்டும் என்ற அவர் காரணம் நியாயமானது. ஆனால் அந்த மை ஊற்றிய பேனா நாள்கணக்கில் சும்மா கிடக்கக் கூடாது. அதனால் கருநீலத்துக்கு ஜெர்மன் பேனா ஒன்று மட்டும், அதையும் தினமும் எழுதுவது என்று வைத்தோம்.

அதன் பிறகு

ஜெர்மன் பேனா முழுதாகத் தேறியது. அதன் நிப்பில் பழைய குழிகள் இருக்கின்றன, புதிதாக எதுவும் சேரவில்லை, எழுத்தில் குறை தெரியவில்லை. எபோனைட் பேனாவும் ஓடுகிறது. வளையத்தின் களிம்பைத் துடைத்தெடுத்தாலும் முலாம் போன இடம் போனதுதான். ஜப்பான் பேனாவின் நிப்பைக் காப்பாற்ற முடியவில்லை. பிளவின் தொடக்கத்தில் குழி ஆழமாகி, அழுத்தினால் இரு பக்கமும் ஒரே மாதிரி வளையாமல் ஒன்று முந்தியது. அதே நிறுவனத்தின் மலிவான மாடல் ஒன்றின் நிப்பு அதில் அப்படியே பொருந்தும் என்பதால், அதை வாங்கி நிப்பை மாற்றினோம். தங்க நிப்புக்கு ஒதுக்கிய தொகையில் இது ஒரு துளி.

விற்றவரை அவரே அழைத்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த பார்சலில் ஒரு சின்ன டப்பா சிலிக்கான் கிரீஸ் இலவசமாக வந்தது என்று மட்டும் சொன்னார்.

பழக்கம் மாறுவதுதான் மெதுவாக நடந்தது. வாராந்திரக் கழுவல் அவருக்கு ஒரு பூஜை மாதிரி. மை மாற்றும்போது மட்டும் கழுவினால் போதும் என்பதை ஏற்கவே மாட்டேன் என்றார். கடைசியில், எழுதாமல் பெட்டிக்குப் போகும் பேனாவை மட்டும், டிஸ்டில்டு வாட்டரில், கடைசியாகப் பழைய பருத்தித் துணியில் நிப்பை ஒற்றி ஈரத்தை இழுத்துவிட்டு வைப்பது என்று இறங்கி வந்தார். துணியில் ஒற்றுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். இடுக்கில் தங்கும் கடைசிச் சொட்டை வெளியே எடுப்பது அதுதான்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்தக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை யார் பேனாவோடு வந்தாலும், பேனாவைத் திறப்பதற்கு முன் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. காவிரிக் குழாய் வரும் தெருவிலேயே பக்கத்து வீட்டில் போர் தண்ணீர் ஓடும், ஊரை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.

டிஸ்டில்டு வாட்டரைப் பெட்ரோல் பங்கிலோ பேட்டரிக் கடையிலோ வாங்கலாம். வெறுமனே "பேட்டரிக்கு ஊத்துறது" என்று கேட்டால் சில கடைகளில் ஆசிட் கையில் வந்துவிடும். லேபிளைப் படித்து வாங்க வேண்டும். கிடைக்காதபோது ஆர்.ஓ. கேன் தண்ணீர் பரவாயில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். தூசியும் பூஞ்சையும் சேர்ந்து வருவதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சோதனையில் ஒரு குறை உண்டு. நான்கு நிப்பும் ஒரே வீட்டில் இருந்ததால் தண்ணீரின் பங்கு தெரிந்தது, காற்றின் பங்கு தெரியவில்லை. கிளிப்பின் களிம்புக்குக் காற்றும் வியர்வையும் எவ்வளவு காரணம் என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. அதற்கு, தண்ணீரே படாத முலாம் பூசிய கிளிப்புகள் இரண்டில் ஒன்றை அவர் வீட்டு ஜன்னலிலும், மற்றொன்றைக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் பரமக்குடியில் ஒரு நண்பர் வீட்டிலும் வைத்திருக்கிறோம். வாடைக் காற்றுக் காலம் முடிந்ததும் இரண்டையும் லென்ஸில் பார்ப்பதாகத் திட்டம்.